ஐந்தாவது கால்

குஷாய்குடா காய்கறி மார்க்கெட்டுக்கு வெளியே, ஜூன் மாத மழை விட்ட ஒரு சாயங்காலத்தில் ஒட்டகம் ஒன்று நின்றிருந்தது. முதுகில் சிவப்புத் துணி போர்த்திய மரச்சட்டம், கழுத்தில் மணிச்சரம், மூக்கில் குத்திய மரக்குச்சியிலிருந்து ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். குழந்தைகளை ஏற்றித் தெருமுனை வரை போய்த் திரும்பினால் அவனுக்குக் காசு. ரோட்டில் மழைத்தண்ணீரும் ஆட்டோ ஆயிலும் கலந்து கிடந்தன. ஒட்டகம் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தது. அதற்குக் குளம்பு கிடையாது. இரண்டு விரல்களுக்கு அடியில் அகலமான மெத்தைத் தோல்தான். மணலில் அழுந்தி விரிவதற்கான அந்தப் பாதம் ஈரத் தாரில் வழுக்கும். பின்னங்கால் ஒருமுறை பக்கவாட்டில் சறுக்கியது. பையன் நாக்கைச் சொடுக்கிச் சத்தம் கொடுத்தான். அது நின்று, உடம்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி நடந்தது.

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது குஷாய்குடா. பக்கத்தில் 1967இல் தொடங்கிய இ.சி.ஐ.எல். மின்னணுத் தொழிற்சாலை; மௌலா அலி குன்றின் பக்கம் அணு எரிபொருள் வளாகம்; இந்தப் பக்கம் செர்லபள்ளி தொழிற்பேட்டையும் புதிதாகக் கட்டிய ரயில் முனையமும். அந்தத் தொழிற்சாலையின் சம்பளத்தில் வளர்ந்த பகுதி என்பதால் அதை நிறுவிய ஏ.எஸ். ராவ் என்ற விஞ்ஞானியின் பெயரில் ஒரு நகரே இருக்கிறது. என் அக்கா இங்கே வந்து குடியேறி வருஷக்கணக்காகிறது. அவள் மகன் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்க்கிறான். இல்லாத ஒரு கிரகத்தின் பாலைவனத்தில் சுமை தூக்கும் இல்லாத ஒரு மிருகத்தை நடக்க வைப்பது அப்போது அவனுடைய வேலை.

"சித்தி, உருவம் வந்துடுச்சு, நடைதான் வரவே மாட்டேங்குது. முதுகுல மூட்டைய வச்சா, மூட்டை தனியா மிதக்குது பாருங்க" என்று கம்ப்யூட்டரில் காட்டினான். அவன் பக்கத்தில் மாதிரிக்கு வைத்திருந்த படம் ஸ்டார் வார்ஸில் வரும் பந்தா. சுருண்ட கொம்பும் தரையைத் தொடும் ரோமமுமாக, டாட்டூயின் கிரகத்தின் மணலில் டஸ்கன் கூட்டத்தாரைச் சுமந்து போகும் மிருகம். தங்கள் எண்ணிக்கை தெரியாமலிருக்க டஸ்கன்கள் எப்போதும் ஒற்றை வரிசையில்தான் போவார்கள் என்று முதல் படத்தில் ஒரு வசனம் உண்டு. அந்தப் பிரபஞ்சத்தில் எல்லோரும் குடிக்கும் நீலப் பாலும் பந்தாவின் பால்தான்.

1977இல் வெளிவந்த அந்தப் படத்தில் பந்தாவாக நடித்தது ஒரு யானை. மார்ஜி என்ற பெண் யானை, ஆசிய யானை, நம் காட்டு இனம். கலிஃபோர்னியாவின் விலங்குப் பூங்காவிலிருந்து அவளை டெத் வேலி பாலைவனத்துக்குக் கூட்டிப்போய், பனையோலைகளால் ஆன போர்வையை மேலே போட்டு, காற்றோட்டக் குழாயை வளைத்துக் கொம்பாகவும் குதிரை மயிரைத் தாடியாகவும் மாட்டினார்கள். அந்த வெயிலில் அவள் வேஷத்தைக் கழற்றி எறியப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். திரையில் அந்த மிருகத்தின் எடையை நாம் நம்புவது மார்ஜியின் எடை அங்கே இருப்பதால்தான். இதை அவனிடம் சொன்னேன். "அப்ப எனக்கும் உண்மையான மிருகம் ஒண்ணு வேணும்" என்றான். மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஒட்டகத்தின் காலை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பையனிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்தேன்.

சொந்த ஊர் ராஜஸ்தானில் பாலி மாவட்டம், சாத்ரி பக்கம் என்றான். ஒட்டகம் மேய்க்கும் ரைக்கா சாதி. தாத்தா காலத்தில் பெரிய மந்தை இருந்ததாம். "அங்கே இதுக்கு வேலை இல்லை தீதி. வேலை எங்கே இருக்கோ அங்கே இதைக் கூட்டிட்டு வந்தேன்." கல்யாண ஊர்வலம், ஸ்கூல் விழா, இப்படித் தெருவில் குழந்தைகள். மழைக்காலம் முழுக்க வந்ததும் அதற்கு உடம்புக்கு வந்துவிடும், அதற்குள் போய்விட வேண்டும் என்றும் சொன்னான்.

ஹைதராபாத்துக்கு ஒட்டகம் வருவது புதிதில்லை. அரேபியாவின் ஹத்ரமவுத்திலிருந்து வந்து நிஜாமின் படையில் சேர்ந்த அரபுக் குடும்பங்கள் இன்னும் பார்க்கஸ் பகுதியில் இருக்கின்றன. பக்ரீத் நெருங்கும்போது குர்பானிக்காக ராஜஸ்தானிலிருந்து லாரிகளில் ஒட்டகங்கள் கொண்டுவரப்படுவதும், போலீஸ் பிடிப்பதும், உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனதும், மீட்டவற்றைத் திரும்ப ராஜஸ்தானுக்கே அனுப்பியதும் இந்த ஊர்ப் பத்திரிகைகளில் பல வருஷமாக வந்த செய்திகள். படித்தவர்கள் எல்லோரும் பேசுவது லாரியின் இந்த முனையைப் பற்றித்தான்: யார் வாங்கினார்கள், யார் அறுத்தார்கள். மறுமுனையில் அந்த மிருகத்தை விற்றவர் யார், எதற்காக விற்றார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த முனையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜோத்பூருக்கு ரயில் ஏறினேன்.

ரயில் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதாவரியையும் நர்மதையையும் தாண்டி, பருத்திக் கரிசலும் சோயா வயலுமாக ஓடி, ஒரு விடியற்காலையில் மண்ணின் நிறம் வெளுத்துவிட்டது. ஜோத்பூரில் இறங்கி, பாலி வழியாகப் பஸ் பிடித்து, ஆரவல்லி மலையடிவாரத்தில் இருக்கும் சாத்ரிக்குப் போனேன். ரணக்பூர் சமணக் கோவிலுக்குப் போகிறவர்கள் கடந்து போகும் சின்ன ஊர். எனக்கு இங்கே வேறு காரணம் உண்டு. இல்சே கோலர்-ரோல்ஃப்சன் என்ற ஜெர்மானியக் கால்நடை மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் ஒட்டகங்களை ஆராய வந்து இந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டார். 1996இல் இங்கே ஹன்வந்த் சிங் ராத்தோரும் அவரும் லோக்ஹித் பசுபாலக் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ரைக்காக்களோடு வாழ்ந்ததை அவர் எழுதிய புத்தகம் வழியாகத்தான் இந்த ஊர்ப் பெயர் எனக்கு முன்பே தெரியும்.

நான் பார்க்கப் போன ரைக்கா மந்தை ஊருக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்தது. சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை அங்கியும் கட்டிய பெரியவரைக் காகாசா என்று கூப்பிடச் சொன்னார்கள். அவர் மருமகள், முழங்கைக்கு மேல்வரை வெள்ளை வளையல் அடுக்கியவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா" என்றுதான் முதலில் கேட்டாள்.

பால் கறப்பதை அங்கேதான் பார்த்தேன். முதலில் குட்டியை விடுகிறார்கள். குட்டி முட்டி முட்டி மடியை இறக்கியதும், காகாசாவின் மகன் ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலை மடித்துப் பாதத்தை முழங்காலுக்கு மேல் பதித்து, அந்தத் தொடைமேல் பாத்திரத்தை வைத்து இரண்டு கையாலும் கறந்தார். உட்கார்ந்து கறக்க முடியாது, மடி அவ்வளவு உயரத்தில். நான்கு காம்பில் இரண்டு குட்டிக்கு, இரண்டு நமக்கு என்பது கணக்கு. குட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒட்டகம் அசையாமல் நின்று தூரத்தைப் பார்த்தது. பாத்திரத்தில் நுரை திரண்டு நின்றது. எனக்குக் குடிக்கத் தர, மருமகள் வேலியோரத்தில் எருக்கஞ்செடியில் ஓர் அகலமான இலையைப் பறித்து, துடைத்து, குழிவாக மடித்து அதில் ஊற்றினாள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆகாது என்று மிரட்டி வளர்க்கப்பட்டவள் நான்; இவர்கள் தலைமுறை தலைமுறையாக எருக்கிலையில்தான் குடித்திருக்கிறார்கள். பால் மெல்லிசாக, லேசாக உப்புக் கரித்தது. வயிற்றில் கனக்கவில்லை.

ஒட்டகத்தைப் படைத்த கதையைக் காகாசா சொன்னார். பார்வதி பொழுது போகாமல் களிமண்ணில் ஒரு விசித்திர மிருகத்தைச் செய்தாள். அதற்கு ஐந்து கால். உயிர் கொடுங்கள் என்று சிவனிடம் கேட்டாள். உயிர் வந்ததும் அதனால் ஐந்து காலோடு நடக்க முடியவில்லை. சிவன் ஐந்தாவது காலை உள்ளே தள்ளி மேலே அழுத்தினார். அது முதுகில் திமிலாக எழுந்தது. மிருகம் ஓடித் திரிந்து அட்டகாசம் செய்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சிவன் தன் உடம்பு அழுக்கை உருட்டி முதல் ரைக்காவைப் படைத்தார். "முதல்ல ஊண்ட், அப்புறம்தான் நாங்க" என்றார் காகாசா. ஊண்ட் என்றால் ஒட்டகம். மனிதனுக்காக மிருகம் படைக்கப்பட்டதாகச் சொல்லும் கதைகளே உலகில் அதிகம். இது மிருகத்துக்காக மனிதன் படைக்கப்பட்ட கதை. ரைக்காக்கள் தங்களை அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையை விற்பதும் ஒட்டகப் பாலை விற்பதும் ஒன்று என்பது அவர்கள் கட்டுப்பாடு. இறைச்சி சாப்பிடக் கூடாது. பெண் ஒட்டகத்தை வெளியாருக்கு விற்கக் கூடாது. ஆண் கன்றுகளை மட்டும் வளர்த்து, சந்தையில் வண்டிக்காரருக்கும் உழவருக்கும் படைக்கும் விற்றார்கள். அந்த ஒற்றை வருமானத்தில் முழு மந்தையும் வாழ்ந்தது.

அவர் சொன்ன இன்னொரு கதையில் நம் பக்கத்துச் சமாசாரம் இருந்தது. மார்வாருக்கு ஒட்டகத்தைக் கொண்டுவந்தவர் பாபுஜி என்ற வீர தெய்வம். அண்ணன் மகள் கேலமின் கல்யாணத்துக்குச் சீராகச் செந்நிறப் பெண் ஒட்டகங்கள் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஒட்டகம் இருந்த இடம் இலங்கை, ராவணன் நாடு. ஹர்மல் என்ற ரைக்கா துறவி வேஷத்தில் கடல் கடந்துபோய் வேவு பார்த்துவர, பாபுஜி படையெடுத்துப்போய் ஓட்டிவந்தார். இந்தக் கதையைப் படமாக எழுதிய நீளத் துணிச்சுருளை விரித்து, முன்னால் விளக்குப் பிடித்து, இரவு முழுக்கப் பாடும் போபாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கும் வாத்தியத்தின் பெயரும் ராவணஹத்தா. பாலைவனத்தில் பிறந்த ஒரு காவியம் தன் மிருகத்தைக் கடலுக்கு அப்பால், தெற்கே தேடிப்போயிருக்கிறது. தெற்கே நாம் நம் பழைய பாட்டுகளில் ஒட்டகத்தை வைத்திருக்கிறோம் என்று நான் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். எயிற்பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களாகத் தெரிகின்றன, சிறுபாணாற்றுப்படையில். அகநானூற்றின் 245ஆம் பாட்டில், வறண்ட வழியில் பசித்த ஒட்டகம் காய்ந்து கிடக்கும் வெள்ளை எலும்பைத் தின்கிறது. இதைச் சொன்னபோது காகாசா சிரிக்கவில்லை. "மழை பொய்த்த வருஷத்துல தின்னும். வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டே நடக்கும். உங்க ஆளு பார்த்திருக்காரு" என்றார். மண்ணிலும் தழையிலும் சத்து, குறிப்பாகப் பாஸ்பரஸ், குறையும்போது ஒட்டகம் எலும்பு கடிப்பதைக் கால்நடை மருத்துவர்கள் இன்று எழுதுகிறார்கள். மதுரை மருதன் இளநாகனார் கேட்டு எழுதினாரோ பார்த்து எழுதினாரோ, சரியாக எழுதியிருக்கிறார்.

பேச்சு விலைக்கு வந்ததும் காகாசாவின் குரல் மாறியது. 2014இல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. அடுத்த வருஷமே, 2015இல், அறுப்பதற்குத் தடை, வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு என்று சட்டம் வந்தது. ஒட்டகத்தைக் காப்பாற்ற வந்த சட்டம். அதற்கு முன்பே டிராக்டரும் பிக்கப் வண்டியும் சாலையும் வந்து சுமை வேலையைப் பிடுங்கியிருந்தன. உள்ளூரில் வாங்க ஆளில்லை. வெளியூரிலிருந்து வந்து வாங்குகிறவர்கள் பயந்து வராமல் போனார்கள். புஷ்கர் சந்தையில் ஆண் ஒட்டகத்தின் விலை விழுந்தது. "ஒரு நல்ல ஆட்டுக்கு வர்ற விலை வரல. கூட்டிட்டுப் போன தீனிச் செலவுக்குக் காணல. சிலபேரு அங்கேயே அவிழ்த்து விட்டுட்டு வந்தாங்க" என்றார். 2016இல் பிறக்கும் கன்றுக்குப் 10,000 ரூபாய், மூன்று தவணையில் என்று ஒரு திட்டம் வந்தது. கன்று வளர்ந்து பெரிதான பிறகு அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பணம் பதிலாகவில்லை.

எண்ணிக்கை கதையைச் சுருக்கமாகச் சொல்கிறது. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் 10 லட்சத்துக்கும் மேல் ஒட்டகங்கள். 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019இல் ஏறக்குறைய இரண்டரை லட்சம். அதில் ராஜஸ்தானில் மட்டும் 2 லட்சத்துச் சொச்சம். சட்டம் வந்த பிறகும் இறக்கம் நிற்கவில்லை. அறுப்பதைத் தடுப்பது வேறு, வாழ வைப்பது வேறு என்று எனக்கு அந்த மலைச்சரிவில் தெளிவாகத் தெரிந்தது. சட்டத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் மந்தையை வைத்திருக்கிற ஆளின் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமல் மந்தையைக் காப்பாற்ற முடியும் என்று நம்பிவிட்டார்கள். ரைக்கா போய்விட்டால் ஒட்டகத்தை யார் பார்ப்பது? எந்த மூலிகை எந்த நோய்க்கு, எந்த வாய்க்காலில் எந்த மாதத்தில் தழை கிடைக்கும், எந்த ஒட்டகத்தின் பாட்டி எந்தச் சூட்டுக்குறி போட்டிருந்தாள் என்பதெல்லாம் அவர்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அந்த மகன்கள் இப்போது ஹைதராபாத்திலும் சென்னையிலும் கடைகளில் நிற்கிறார்கள்.

இதற்கு ஒரு வழியாகத்தான் சாத்ரியில் ஒட்டகப் பால் பண்ணை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய கட்டுப்பாட்டை உடைப்பது லேசாக நடக்கவில்லை. பாலை விற்பதா என்று பெரியவர்கள் முகம் சுளித்த காலம் போய், பாலை விற்காவிட்டால் ஒட்டகமே இருக்காது என்று அவர்களே சொல்லும் காலம் வந்துவிட்டது. மேய்ச்சலில் விதவிதமான செடிகொடிகளைக் கடித்துத் திரியும் மந்தையின் பால் அது, கொட்டிலில் தீவனம் தின்ற பால் இல்லை. கூட்டிப்போன மருமகளிடம் கேட்டேன், நீங்கள் மனசார விற்கிறீர்களா என்று. "குட்டி பங்கு குட்டிக்கு விட்டுட்டுத்தான் விக்கிறோம். அதை மீறினா பாவம்" என்றாள். நீரிழிவுக்கு நல்லது, இன்னதற்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்லி விற்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சி நடக்கட்டும், அது அதன் வேகத்தில் சொல்லட்டும். ஒரு டம்ளர் நல்ல பால் என்ற காரணமே போதும் என்பது என் எண்ணம்.

பிகானேருக்கு வந்தபோது ஒட்டக வண்டிகளை இன்னும் பார்க்க முடிந்தது. தட்டையான மரப்பலகை, அடியில் பழைய விமான டயர்கள். ஆகாயத்தில் தேய்ந்து கழித்த சக்கரங்களை வாங்கி இந்த ஊர்க்காரர்கள் மணலில் ஓட்டுகிறார்கள். அகல டயர் என்பதால் மணலில் புதைவதில்லை. சாலையோரம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்கு அருகில் நின்று, ஒட்டகம் எழுந்திருப்பதை அக்கா மகனுக்காகப் படம் எடுத்தேன். முதலில் பின்னங்கால் உயர்கிறது. உடம்பு முழுவதும் முன்பக்கம் சாய்ந்து, மேலே இருப்பவர் தலைகுப்புற விழுவார் என்று தோன்றும் நொடியில் முன்னங்கால்கள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. நடக்கும்போது ஒரே பக்கத்து இரண்டு கால்களும் ஏறக்குறைய சேர்ந்து முன்னால் போகின்றன. அதனால்தான் சுமை இடமும் வலமுமாக ஆடுகிறது. மிதக்கும் மூட்டைக்குப் பதில் அதில் இருந்தது.

ஜோர்பீரில் இருக்கும் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் 1984இல் தொடங்கியது. பிகானேரி, ஜெய்சல்மேரி, மேவாரி, கச்சி என்று இனவாரியாக வைத்திருக்கிறார்கள். பிகானேரிக்குப் புருவத்திலும் காதிலும் அடர்ந்த ரோமம், பாரத்துக்கு ஏற்ற கட்டு. ஜெய்சல்மேரி ஒல்லியாக, ஓட்டத்துக்கென்றே பிறந்தது. திமிலில் தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு உண்டு. இருப்பது கொழுப்பு. தண்ணீர்ச் சிக்கனம் உடம்பெல்லாம் பரவியிருக்கிறது. நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் விஞ்ஞானி 1950களில் அல்ஜீரியச் சகாராவில் குடும்பத்தோடு தங்கி ஒட்டகங்களை அளந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் பகலில் தன் உடம்புச் சூட்டை 41 டிகிரி செல்சியஸ் வரை ஏறவிட்டு, இரவில் 34 வரை இறக்கிக்கொள்கிறது. வியர்வையை அந்த வழியில் மிச்சம் பிடிக்கிறது. உடல் எடையில் கால் பங்கைத் தண்ணீராக இழந்தாலும் தாங்குகிறது. பிறகு தொட்டியைக் கண்டால் பத்தே நிமிஷத்தில் 100 லிட்டர் குடிக்க முடியும்; அதன் முட்டை வடிவச் சிவப்பணுக்கள் அந்த வெள்ளத்தில் வெடிப்பதில்லை. கற்பனைப் பாலைவனங்களில் எத்தனையோ மிருகங்களைப் படைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதே பிகானேரின் ஒட்டகப் படைதான் மகாராஜா கங்கா சிங்கின் கங்கா ரிசாலா. சோமாலிலாந்தில் போரிட்டது, முதல் உலகப் போரில், 1915இல், சூயஸ் கால்வாயைக் காத்து நின்றது. இன்று எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் குடியரசு தின அணிவகுப்பில் போகின்றன. 2023இல் அதில் பெண்களும் ஏறினார்கள். ஜிகினா கட்டிய அந்த அழகு எனக்கும் பிடிக்கும். அணிவகுப்புக்கு எத்தனை ஒட்டகம் வேண்டும்?

கடைசியாக ஜெய்சல்மேர் பக்கம், தேக்ராய் ஓரணுக்குப் போனேன். ஓரண் என்பது கோவிலுக்கென்று ஊரார் விட்டுவைத்த காடு. கோடாலி படக் கூடாது. மேய்ச்சலுக்குத் தடை இல்லை. தேக்ராய் மாதாவின் பெயரில் பல்லாயிரம் பிகா நிலம் கண்ணுக்கெட்டிய வரை கிடக்கிறது. கேர், ஜால் என்ற வறண்ட நிலச் செடிமரங்கள், இடையிடையே கேஜ்ரி. அந்தக் கேஜ்ரி மரத்தடியில் நின்றபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அது நம் வன்னி மரம். விருத்தாசலத்தில் தல மரமாக நிற்பது இதுதான். குஷாய்குடாவில் தசராவுக்கு ஜம்மி இலையைப் பொன் என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் கொடுத்துக் காலில் விழுகிறார்களே, அதுவும் இதுதான். தெலங்கானாவுக்கும் ராஜஸ்தானுக்கும் மாநில மரம் ஒன்றே. ஒட்டகங்கள் கழுத்தை நீட்டி, முள்ளுக்கு நடுவில் உதட்டை நுழைத்து, இலையை மட்டும் உருவித் தின்றன. ஒரு மரத்தில் நாலைந்து வாய்தான், உடனே அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடும். ஒரே இடத்தில் நின்று மொட்டையடிக்கும் பழக்கம் ஒட்டகத்துக்கு இல்லை. அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது.

அந்த இடம்தான் இப்போது சுருங்குகிறது. கால்வாய்ப் பாசனம் வந்த பக்கம் வயல் வேலி. வெயில் அதிகம் என்பதால் சூரிய மின் பூங்காக்கள். சுற்றிலும் கம்பி வேலி, மேலே உயர் அழுத்தக் கம்பிகள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. நாட்டுக்கு அது வேண்டும். ஆனால் வரைபடத்தில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலத்தில் ஒரு மந்தையின் ஒரு வருஷத்துச் சாப்பாடு இருக்கிறது என்பதை வரைபடம் போடுகிறவர் அந்த மந்தைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரணிலும் ஒரு பகுதிதான் வருவாய்த் துறைக் கணக்கில் கோவில் பெயரில் ஏறியிருக்கிறது. மிச்சம் அரசுத் தரிசு. ஊர்க்காரர்கள் அந்த மிச்சத்தை ஏற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஓரணைச் சுற்றிக் கால்நடையாக யாத்திரையும் போயிருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஓரண்களை நேரிலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து அடையாளம் கண்டு, காடாகப் பதிவு செய்யச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த வழக்கின் பெயர் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு. 1995இல் நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் நிலம்பூர்க்காரர் ஒருவர் போட்ட வழக்கு அது. முப்பது வருஷமாக முடியாமல் நீண்டு, நாட்டின் எல்லாக் காடுகளுக்கும் தாய் வழக்காகி, மரமே அரிதான இந்த மணலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கிணற்றடியில் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மந்தைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தீர்ப்பு தெரியும். வழக்கு தெற்கிலிருந்து வந்தது என்பது தெரியாது. "காடுன்னு எழுதிட்டா ஃபாரஸ்ட்காரங்க ஊண்டை உள்ள விட மாட்டேன்னு சொல்லுவாங்களோன்னு எங்களுக்குப் பயம் இருக்கு, பாயிசா" என்றார். நியாயமான பயம். கும்பல்கர் சரணாலயத்தில் மேய்ச்சல் உரிமைக்காக ரைக்காக்கள் பட்ட பாட்டைக் காகாசா எனக்குச் சொல்லியிருந்தார். ஊர்ச் சமூகங்களுக்குக் காட்டின்மேல் இருக்கும் உரிமையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது என்றேன். எந்தப் பக்கத்தில் என்று கேட்டார். போனில் தேடி எடுத்தேன். ஆங்கிலத்தை இந்தியில் சொல்லச் சொல்ல, அவர் பக்கத்தில் நின்ற பையனிடம் குறிக்கச் சொன்னார். ஒட்டகங்கள் குடித்து முடித்துத் தொட்டியைவிட்டு நகர்ந்தன. அவர் எங்கள் பேச்சைவிட்டு நகரவில்லை.

"நாளைக்கு நாலு ஊர்க்காரங்க சேர்ந்து கலெக்டர் ஆபீஸுக்குப் போறோம். முழுத் தீர்ப்பும் என் போனுக்கு அனுப்பிடுங்க. அந்தப் பக்கத்துக்கு மட்டும் கோடு போட்டு அனுப்புங்க" என்றார்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் பையன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கிருந்து அனுப்பினேன்.